மோட்டாருக்கும் கியர் வேண்டும்

அம்பர்நாத்தில் கர்ஜத் லோக்கல் பிடித்தால் நான்காவது ஸ்டேஷன் நேரல். அங்கிருந்துதான் மாத்தேரான் மலைச்சாலை. தஸ்தூரி நாக்காவுக்கு மேல் மோட்டார் வண்டி போகக் கூடாது. அதுவரைக்குமே 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். மலையேற்ற மின்சைக்கிள் வாங்க நினைப்பவர் இந்தச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

நம் ஊரில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் மோட்டார் பின்சக்கரத்தின் ஹப்பில் இருக்கும். மிட்-டிரைவ் வண்டியில் அது பெடல் அச்சருகே இருக்கும். ஹப் மோட்டார் சக்கரத்தை மட்டுமே அறியும். நாம் எந்தக் கியர் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று சுற்றும் சக்கரம், ஏற்றத்தில் 8 கி.மீ.க்கு இறங்கினால் 60 சுற்றுதான். அப்படித் திணறும் மோட்டார் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கியே தொலைக்கும். மிட்-டிரைவின் விசையோ செயின் வழியாகப் போகிறது. பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் நம் கால் இளைப்பாறுவது போலவே மோட்டாரும் இளைப்பாறும். 1993-இல் யமஹா ஜப்பானில் விற்கத் தொடங்கிய பெடல்-உதவி சைக்கிளிலேயே மோட்டார் பெடலருகில்தான் இருந்தது.

ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 600 மீட்டர் உயர்த்த 163 வாட்-மணி ஆற்றல் போதும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 இருக்கிறது. உராய்வும் விரயமும் போக, காலும் பங்கு கொடுத்தால் மேலே போய்ச் சேரலாம். ஆகவே பெரிய பேட்டரிக்காகப் பணத்தைக் கொட்டுவதை விட சென்சாரைக் கவனிப்பேன். டார்க் சென்சார் காலின் அழுத்தத்தை அளந்து உதவும். விலையைக் குறைக்க வைக்கப்படும் கேடன்ஸ் சென்சாருக்குப் பெடல் சுற்றுகிறதா என்பது மட்டுமே தெரியும். லேசான கியரில் பட்டும் படாமல் மிதித்துப் பாருங்கள். வண்டி துள்ளிப் பாய்ந்தால் இரண்டாவது வகை. சரளைக்கல் வளைவில் அந்தத் துள்ளல் ஆளைக் கவிழ்க்கும்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் என்றால் நம் நாட்டில் லைசென்ஸும் பதிவும் வேண்டாம்.

மிட்-டிரைவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: செயினைத் தின்னும். மனிதக் காலுக்கென்று செய்த செயினில் மோட்டாரின் இழுப்பும் சேர்கிறது. மிதியைத் தளர்த்தாமல் கியர் மாற்றினால் அறுந்தும் போகும். எங்கள் பக்கத்து ஜூலை மழையும் செம்மண் சேறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விலைச்சீட்டைப் பார்க்கும்போதே உபரிச் செயின் ஒன்றின் விலையையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.