தற்காலிக வீடும் ஓட்டிசம் உள்ள பிள்ளையும்

இங்கிலாந்தில் 2025 மார்ச் இறுதியில் 1,30,000க்கும் அதிகமான குடும்பங்கள் கவுன்சில் கொடுத்த தற்காலிக வீடுகளில் இருந்தன. அவற்றுள் நம்மவர் குடும்பங்களும் உண்டு.

ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஒரே நேரம், ஒரே வழி, ஒரே கட்டில் என்ற ஒழுங்குதான் பிடிமானம். அடிக்கடி வீடு மாறும்போது அது குலைகிறது. பொதுச் சமையலறைச் சத்தமும் ஒற்றை அறை நெருக்கமும் சேர்ந்தால் நித்திரை குழம்பும், சாப்பாட்டை மறுக்கலாம், பழகிய சொற்களையும் பேசாமல் விடலாம். இது பிடிவாதமும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. அயலவர் முறையிடுவார்களோ என்ற பயத்தில் பெற்றோரும் களைத்துப் போகின்றனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

• "பிள்ளைக்கு ஓட்டிசம்" என்று மட்டும் கடிதம் வாங்காதீர்கள். இந்த வீடு ஏன் பொருந்தாது என்பதையும் (உதாரணமாக, உயர்மாடி யன்னலில் ஏறுவது) குடும்ப வைத்தியரும் பாடசாலையும் எழுதட்டும்.

• சமையலறை, குளியலறையைப் பிறருடன் பகிரும் தங்குவிடுதியில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் கவுன்சில் 6 வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

• பொருந்தாத வீடென்றாலும் ஆலோசனை பெறாமல் மறுக்காதீர்கள். கவுன்சிலின் பொறுப்பே முடிந்துவிடலாம். பிரதான வீட்டுப் பொறுப்பைக் கவுன்சில் ஏற்றிருந்தால், வீட்டை ஏற்றுக்கொண்டே 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

• வேறு கவுன்சில் பகுதிக்கு மாறினால், பிள்ளையின் விசேட கல்வித் திட்டமும் அங்கே மாற்றப்பட வேண்டும். இரு கவுன்சில்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

• புதிய வீட்டின் படங்களை முன்கூட்டியே பிள்ளைக்குக் காட்டுங்கள். பழைய போர்வையைத் தோய்க்காமல் கொண்டுபோய் முதலில் விரியுங்கள். பழகிய மணம் பிள்ளைக்கு ஆறுதல் தரும்.