புது லேப்டாப் வருதாம்! எதை எடுக்கப் போறாங்களாம்?



"காதால் கேட்பதும் பொய், கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழி லேப்டாப்புக்கும் பொருந்தும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

விலை உயர்ந்த லேப்டாப் ஒன்று வரப் போகிறது என்றால், அது வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே பேச்சு கிளம்பிவிடும். "இந்தத் தடவை இன்னும் ஒல்லியா வருதாம்", "திரையைத் தொட்டாலே வேலை செய்யுமாம்", "பட்டனை எல்லாம் எடுத்துடுதாங்களாம்" என்று எல்லாமே 'ஆம்' போட்ட பேச்சுதான். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது.

நம் பள்ளியில் லட்ச ரூபாய் லேப்டாப் வாங்கப் போகிறவர் யாரும் இல்லை. அப்புறம் எதுக்கு நமக்கு இந்தப் பேச்சு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பணக்கார லேப்டாப்பில் இன்றைக்குச் செய்கிற மாற்றம், சில வருஷத்தில் நம் கைக்கு வரும் லேப்டாப்பிலும் வந்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

வதந்தி எங்கிருந்து கிளம்புது?

எந்தக் கம்பெனியும் ஒரு லேப்டாப்பை முழுசாகத் தானே செய்வதில்லை. திரை ஒரு கம்பெனி, பேட்டரி ஒரு கம்பெனி, கீபோர்டு இன்னொரு கம்பெனி என்று பல நாடுகளில் பாகங்கள் தயாராகின்றன. பல பேருக்குத் தெரிந்தால் அது ரகசியமா? மெல்லக் கசிந்துவிடும்.

சில சமயம் கம்பெனியே காட்டிக் கொடுத்துவிடும். 2016 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு புது மென்பொருள் அனுப்பியது. அதுக்குள்ளேயே இன்னும் வெளிவராத மேக்புக் புரோ லேப்டாப்பின் படம் இருந்தது. சில நாளில் அதே மாதிரி லேப்டாப் வந்தது. பேச்சு உண்மையாகிவிட்டது.

இன்னொரு கதையும் கேளுங்க. 2023 ஜனவரியில் ப்ளூம்பெர்க் என்ற பெரிய செய்தி நிறுவனம், ஆப்பிள் தொடுதிரை லேப்டாப்புக்கு வேலை செய்கிறது, 2025-ல் வரலாம் என்று எழுதியது. 2025-ஆம் ஆண்டு முடிந்தது, தொடுதிரை மேக்புக் வரவில்லை. அதுக்காக அவங்க பொய் சொன்னாங்கன்னு அர்த்தம் இல்லை. கம்பெனிக்குள் வேலை நடப்பது வேற, கடைக்குப் பொருள் வருவது வேற. நடுவில் எத்தனையோ மாறும்.

ஆகவே பேச்சில் மூன்று வகை உண்டு. படமோ பேப்பரோ ஆதாரமாக இருக்கும் பேச்சு ஒன்று. விவரம் தெரிந்தவர் பெயரோடு சொல்லும் பேச்சு இரண்டு. "யாரோ சொன்னாங்க" என்பது மூன்று. மூன்றாவது வகைதான் வேகமாகப் பரவும்!

மூன்று மாற்றங்களின் கதை

முதல் கதை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை எடுத்துக் காட்டினார். எல்லாரும் அசந்து போனார்கள். அவ்வளவு ஒல்லி! ஆனால் அதில் சி.டி. போடும் இடம் இல்லை. இன்டர்நெட் வயர் மாட்டும் இடமும் இல்லை. யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான். "இதை வச்சு என்ன செய்ய?" என்று பலர் கேட்டார்கள். இன்று கடைக்குப் போனால் சி.டி. போடும் லேப்டாப்பைத் தேடித்தான் பிடிக்கணும். பணக்கார லேப்டாப்பில் எடுத்தது எல்லா லேப்டாப்பிலும் போய்விட்டது.

இரண்டாவது கதை. 2015-ல் ஆப்பிள் 13.1 மில்லிமீட்டர் கனம் மட்டுமே உள்ள ஒரு மேக்புக் கொண்டு வந்தது. அதுக்காகக் கீபோர்டையே மாற்றினார்கள். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி விரியும் அமைப்பை ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் வைத்தார்கள். பழையதைவிட 40 சதவீதம் மெலிசு. ஆனால் ஒரு தூசி உள்ளே போனாலே சில பட்டன்கள் வேலை செய்யவில்லை. சில பட்டன்கள் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு எழுத்து போட்டன. 2018-ல் ஆப்பிள் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல லேப்டாப்பில் பழைய வகைக் கீபோர்டுக்கே திரும்பியது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் 2022-ல் 5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது.

மூன்றாவது கதை. 2016-ல் வந்த மேக்புக் புரோவில் எச்.டி.எம்.ஐ. துளை, கேமரா கார்டு போடும் இடம், காந்தம் மாதிரி ஒட்டும் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மேல் வரிசைப் பட்டன்களுக்குப் பதிலாகத் தொட்டால் மாறும் ஒரு நீளமான கண்ணாடிப் பட்டை வைத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் புரொஜெக்டர் மாட்டணும்னா இடையில் ஒரு குட்டி வயர் தனியாக வாங்கணும். கண்ணாடிப் பட்டையைத் தடவிப் பார்த்தால் எது எந்தப் பட்டன் என்று விரலுக்குத் தெரியாது, குனிந்து கண்ணால் பார்க்கணும். பயன்படுத்தியவர்கள் ஐந்து வருஷம் குறை சொன்னார்கள். 2021 அக்டோபரில் வந்த மேக்புக் புரோவில் எடுத்த மூன்றும் திரும்பி வந்தன. கண்ணாடிப் பட்டை போய், நிஜப் பட்டன்கள் வந்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெரிய கம்பெனியும் பின்வாங்கும். பயன்படுத்துகிறவர்கள் பேசணும், அவ்வளவுதான்.

*உங்களுக்குத் தெரியுமா?*
*கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே ஆகிய இரண்டு பட்டன்களில் சின்ன மேடு இருக்கும். பார்க்காமலே விரலை வைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அது. கண் பார்வை இல்லாதவர்களுக்கும் அது பெரிய உதவி. அடுத்த கணினி வகுப்பில் தடவிப் பாருங்கள்!*

ஒல்லியா இருந்தா என்ன குறையும்?

நம் பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நெய்யும் பட்டுப் பாய் துணி மாதிரி மெலிசாக மடியும். அதை நெய்ய எத்தனையோ நாள் ஆகும், விலையும் அதிகம். ஆனால் தினமும் வீட்டில் விரித்துப் படுக்க, நெல்லு காயப் போட, சாதாரணக் கோரைப் பாய்தான் தாங்கும். இரண்டும் பாய்தான், வேலை வேற வேற.

லேப்டாப்பும் அப்படித்தான். உடம்பு மெலிந்தால் பட்டன் அமுங்கும் ஆழம் குறையும். கனமான துளைகளுக்கு இடம் இருக்காது. பேட்டரியைக் கழற்ற முடியாதபடி உள்ளே வைத்து மூடுவார்கள். நினைவகமான ரேமைத் தனியாக மாட்டாமல் பலகையோடு பற்றவைத்துவிடுவார்கள். பின்னாடி கூட்டணும்னா முடியாது.

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போச்சு. பின்பக்கம் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வேறு பேட்டரி வாங்கிப் போட்டாங்க. இன்னும் ஓடுது. மூடிய லேப்டாப்பாக இருந்தால் திருகாணி எல்லாம் கழற்றத் தெரிந்த ஆளைத் தேடணும், கூலியும் கொடுக்கணும்.

ஆனால் ஒல்லியே தப்பு என்று சொல்ல வரவில்லை. கனம் குறைந்தால் பஸ்ஸில் தூக்கிப் போகிற அக்காமாருக்கு நல்லதுதானே. 2021-ல் அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனி, ஒல்லியாகவும் இருக்கணும், பேட்டரி, ரேம், கீபோர்டு, துளைகள் எல்லாவற்றையும் நாமே கழற்றி மாற்றவும் முடியணும் என்று ஒரு லேப்டாப் செய்து காட்டியது. மனசு வைத்தால் இரண்டும் முடியும்.

எங்கள் வகுப்பில் நடந்த விவாதம்

"லேப்டாப்பில் தொடுதிரை வேணுமா வேண்டாமா?" என்று மத்தியானம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம்.

வேணும் கட்சி சொன்னது: "செல்போனில் பழகிட்டோம். எல்லாரும் தொட்டுத்தான் பார்ப்போம். கணக்குப் படம், மேப்பு எல்லாம் விரலாலே வரையலாம். மவுஸ் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் எளிது."

வேண்டாம் கட்சி சொன்னது: "ஏட்டி, நிமிர்ந்து நிக்கிற திரையை எவ்வளவு நேரம் தொடுவே? கை கடுக்காதா? கண்ணாடி உடைஞ்சா யாரு மாத்துவா? அந்தக் காசுக்கு நல்ல பேட்டரி போடலாமே."

கை வலிக்கும் என்பதை ஸ்டீவ் ஜாப்ஸே 2010-ல் சொல்லியிருக்கிறார். தாங்கள் சோதித்துப் பார்த்ததாகவும், நிமிர்ந்த திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்துவிடும் என்றும் சொன்னார். மற்ற கம்பெனிகள் தொடுதிரை லேப்டாப்பை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. படம் வரைகிறவர்களுக்கு அது பிடிக்கிறது. யார், எதுக்குப் பயன்படுத்துகிறார் என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதுதான் எங்கள் விவாதத்தின் முடிவு.

பின் பெஞ்சிலிருந்து ஒரு தோழி கேட்டாள்: "எல்லாம் சரி, கீபோர்டில் தமிழ் எழுத்து ஏன் இல்லை?" எல்லோரும் அமைதியாகிவிட்டோம். தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசைப்பலகை முறையை 1999-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் கடையில் விற்கும் பெரும்பாலான லேப்டாப்பில் ஆங்கில எழுத்து மட்டும்தான். மெலிசு, தொடுதிரை என்று வதந்தி எத்தனையோ வருது. 'தமிழ் எழுத்து வருதாம்' என்று ஒரு வதந்திகூட என் காதில் விழவில்லையே!

நம்ம ஊர் லேப்டாப் வதந்தி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் வாங்கினார்கள். அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. விண்டோஸும் இருக்கும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். பிறகு சில வருஷம் நின்றிருந்தது.

2025 மார்ச் 14 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்தான் விவாதத்துக்கு இடம் கொடுத்தது. டேப்லெட் லேசானது, விலையும் குறைவு. ஆனால் அதில் கீபோர்டு கிடையாது. பாடம் பார்க்க டேப்லெட் போதும். பத்துப் பக்கம் கட்டுரை அடிக்க, புரோகிராம் எழுத, வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்ய லேப்டாப்தான் வசதி.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது யார் தெரியுமா? ஒரு பேப்பர்! அதே வருஷம் எல்காட் டெண்டர் விட்டது. அதில் லேப்டாப் என்றும், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., திரை 14 அல்லது 15.6 அங்குலம் என்றும் தெளிவாகக் கேட்டிருந்தார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கம்பெனி தன் லேப்டாப்பை ரகசியமாக வைக்கும், அதனால் வதந்தி பிறக்கும். அரசு லேப்டாப்புக்கு டெண்டர் உண்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "சொன்னாங்களாம்" என்று அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. பணக்கார லேப்டாப் பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிப் பொருளை வாங்கிக்கொள்வார்கள். இலவச லேப்டாப்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கொடுத்ததைத்தான் வாங்குவோம். வீட்டில் முதல் கம்ப்யூட்டரும் அதுவாகவே இருக்கும். அக்கா முடித்ததும் தம்பி, தம்பி முடித்ததும் தங்கை என்று ஒரே பெட்டி பல வருஷம் ஓடணும். அதனால் வடிவமைப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியவர்கள் நாம்தான். அதுவும் டெண்டர் போட்ட பிறகு பேசிப் பயனில்லை, முன்னாலேயே பேசணும். கிராம சபைக் கூட்டம் இருக்கிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள் போதும்.

புது லேப்டாப் பேச்சு வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. யார் சொன்னது? படமோ பேப்பரோ இருக்கா?
2. புதுசா என்ன வருதுன்னு சொல்றாங்க, பதிலுக்கு எதை எடுக்கிறாங்க?
3. எடுத்ததுக்குப் பதில் வாங்க யார் காசு கொடுக்கணும்?
4. கெட்டுப் போனா பக்கத்து ஊரில் சரி பண்ண முடியுமா?
5. வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் அது உழைக்குமா?

இதில் இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வருவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். போவதைப் பற்றிக் கேட்கிறவர்தான் விவரமானவர்.

இந்தத் தாளின் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். "நமக்குத் தரும் லேப்டாப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது எது?" என்று ஒருவர் ஒரு வரி மட்டும் எழுதுங்கள். ஆசிரியர்களும் எழுதலாம். முதல் வரியை நான் எழுதிவிட்டேன்: 'பட்டனில் தமிழ் எழுத்து.' தாள் நிறைந்ததும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு அதையே மனுவாக எழுதுவோம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி