தற்கொலை எண்ணம் தீவிரமாகும் வேளையில் உதவி பெறுவது எப்படி?

புது தில்லி: தற்கொலை எண்ணம் எவ்வளவு தீவிரமாக எழுந்தாலும், அந்தத் தீவிரம் நிலையானதல்ல. அதைக் கடக்கும் வரை ஒருவர் உடனிருந்தால் உயிர் காக்க முடியும். சென்னையும் கொழும்பும் இடம்பெற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று இதற்குச் சான்றாக உள்ளது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். இவர்களில் 19,834 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள்.

வாழும் விருப்பம் மறைவதில்லை

தற்கொலை எண்ணத்துடன் போராடுவோரில் பெரும்பாலானோர் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே ஊசலாடுகின்றனர் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அவர்கள் முடிவுக்குக் கொண்டுவர விரும்புவது பெரும்பாலும் தாங்க முடியாத வேதனையைத்தான். நள்ளிரவில் நண்பரை அழைக்கத் தோன்றுவதும், "நான் இருந்தென்ன?" என்று பேச்சுவாக்கில் சொல்வதும், யாரேனும் கேட்கமாட்டார்களா என்ற ஏக்கத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். உயிர் வாழும் உந்துதல் அப்போதும் செயல்படுகிறது.

தொடர்பே மருந்தாக

தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 1,867 பேரிடம் உலக சுகாதார அமைப்பு மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாகின. இந்தியா, இலங்கை, பிரேசில், ஈரான், சீனா ஆகிய 5 நாடுகளில் இந்த ஆய்வு நடைபெற்றது.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் சுமார் ஒரு மணி நேர விளக்க அமர்வும், 18 மாதங்களில் 9 முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ நலம் விசாரிப்பும் சேர்க்கப்பட்டன. முதல் பிரிவில் 18 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். தொடர்பில் வைக்கப்பட்ட பிரிவில் அந்த எண்ணிக்கை 2 மட்டுமே.

தண்டனை அச்சம் வேண்டாம்

காவல் துறை வழக்குப் பதியும் என்ற அச்சத்தில் சிலர் மருத்துவமனைக்குச் செல்லவே தயங்குகின்றனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே தொடரவில்லை. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக நீடிக்கிறது.

தில்லியிலும் தமிழில் பேசலாம்

பணிக்காகவோ படிப்பிற்காகவோ தில்லி கோல் மார்க்கெட் பகுதிக்கு வந்து தனியே தங்கியிருக்கும் ஒரு தமிழருக்கு, மனவேதனையை ஹிந்தியில் விளக்குவது கூடுதல் சுமையாகலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். நேரில் சிகிச்சை பெற, கோல் மார்க்கெட்டுக்கு அருகிலேயே ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை உள்ளது. மனநலப் பிரிவும் அங்கு இயங்குகிறது.

என்ன செய்ய வேண்டும்?

எண்ணம் தீவிரமாகும்போது தனிமையைத் தவிர்க்க வேண்டும். தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள்கள் இருக்கும் இடத்தைவிட்டு விலகி, நம்பகமான ஒருவரிடம் செல்ல வேண்டும். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் என்னுடன் இரு" என்று சொன்னாலே போதும். எந்த முடிவையும் அன்றைய இரவில் எடுக்காமல் தள்ளிப்போடுவது மிக முக்கியம்.

உடனிருப்போர், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. மாறாக, மனம் திறக்க வழிவகுக்கும். அறிவுரை கூறுவதோ குடும்ப மானத்தை நினைவூட்டுவதோ பலன் தராது. ஆபத்து உடனடியானது எனத் தோன்றினால், அவரைத் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்றைய நெருக்கடி தணிந்த பின்னரும், அடுத்தடுத்த வாரங்களில் நலம் விசாரிப்பது அவசியம்.

(உதவிக்கு: டெலி மானஸ் - 14416, தமிழக அரசின் சுகாதார உதவி மையம் - 104, சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் - 044-24640050, அவசர உதவி - 112)