காலனிய ஆட்சியில் படை நிலங்கள் மீளளிப்பு

படையின் தேவைக்கென எடுக்கப்பட்டுப் பின்னர் பயன்பாடு இழந்த நிலத்தைக் குடிசார் நிர்வாகத்திடம், பெரும்பாலும் வருவாய்த்துறையிடம், ஒப்படைப்பது படை நில மீளளிப்பு எனப்படும். பிரித்தானிய ஆட்சியில் போர்முறையோ போக்குவரத்தோ மாறிய போதெல்லாம் இது நடந்தது. நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே திரும்பியதா என்பது வேறு கேள்வி.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதன் தொடக்கத்தைப் பாளையக்காரர் காலத்திலேயே காணலாம். பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை 1761இல் யூசுப்கான் கைப்பற்றினார். 1799இல் மேஜர் பானர்மேன் திருநெல்வேலிப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். 1803இல் எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக்கப்பட்டனர். காவல் உரிமையும் படையும் போய், வரி வசூல் மட்டுமே அவர்களிடம் நின்றது. கம்பெனிப் படை தங்கிய பாளையங்கோட்டைக் கோட்டையும் நிலைக்கவில்லை. மதில்கள் இடிக்கப்பட்ட பின் எஞ்சிய மேற்கு வாயிற்பகுதி காவல் நிலையமாயிற்று. 'மேடைப் போலீஸ் ஸ்டேஷன்' என்ற பெயர் அதனால் வந்தது.

கோட்டைகளைவிடக் கவனிக்கப்படாதவை, படைகள் நடந்து சென்ற சாலைகளில் இருந்த முகாம் திடல்கள். ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, தண்ணீரும் நிழலும் உள்ள இடங்கள் இதற்கென ஒதுக்கப்பட்டன. ஊர்க்கணக்கில் இவை புறம்போக்கு. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தபின் படை நடந்து செல்லும் தேவை குறைந்தது. இத்தகைய திடல்களில் சில வருவாய்த்துறைக்கு வந்தன. சில இன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிலப் பதிவேடுகளில் உள்ளன.

பெரும் சிக்கல் இரண்டாம் உலகப் போரில்தான் உருவானது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய காலத்தில் தென்னிந்தியாவின் பாதுகாப்பு அவசரப் பணியாயிற்று. சங்கரன்கோவிலுக்குத் தென்கிழக்கே கயத்தாறு, மற்றும் செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களில் போர்க்கால விமான ஓடுதளங்கள் இருந்தன. போர் முடிந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. சோழவரம் ஓடுதளத்தில் பின்னர் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது.

போர்க்காலத்தில் நிலம் இரு வழிகளில் எடுக்கப்பட்டது. 'கையகப்படுத்தல்' என்றால் உரிமையே அரசுக்குப் போய்விடும். 'தற்காலிகக் கைப்பற்றல்' என்றால் உரிமை உடையவரிடமே இருக்கும், அனுபவம் மட்டும் அரசுக்கு. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த 75ஏ விதி இரண்டாவது வழியைத் திறந்தது. போர் முடிந்தும் அந்த அதிகாரம் முடியவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை நீட்டித்தது. 1952இல் அசையாச் சொத்துகளுக்கான தனிச்சட்டம் வந்தது.

அந்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. சொத்தை விடுவிக்கும்போது, இயல்பான தேய்மானம் நீங்கலாக, எடுத்தபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்பது பொது விதி. ஆனால் மத்திய அரசின் செலவில் அங்கே கட்டுமானம் எழுந்து, அதைக் காக்க அரசு முடிவு செய்தால், நிலத்தை நிரந்தரமாகவே கையகப்படுத்தலாம். பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு மிக அதிகமாகி, இழப்பீடு இல்லாமல் நிலத்தை ஏற்க உரிமையாளர் மறுத்தாலும் அப்படியே. புன்செய்க் காட்டின்மேல் படை போட்ட கான்கிரீட்டே, அந்தக் காடு உழவருக்குத் திரும்பாமல் போகக் காரணமாகலாம்! எடுத்தபோது இருந்த விலையின் இருமடங்குக்குமேல் இழப்பீடு போகாதபடி தடுத்த பகுதியை உச்ச நீதிமன்றம் பின்னர் செல்லாது என்றது.

முழு உரிமையோடு மத்திய அரசிடம் இருக்கும் நிலம் தானாக மாநிலத்துக்கு வராது. பேச்சு நடத்தி, விலையோ மாற்று நிலமோ தந்துதான் பெறவேண்டியிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள நிலம் சுமார் 17.78 லட்சம் ஏக்கர் என்பதால் இது சிறு விவகாரம் அன்று. பிற காலனிகளிலும் இதே பேச்சு நடந்தது. ஹாங்காங்கின் விக்டோரியா படைமுகாம் 1979இல் அங்கிருந்த காலனிய அரசிடம் வந்தது. அதன் ஒரு பகுதி 1991இல் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1997இல் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 48-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பயன்படாத நிலத்தை, பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டும் முன்னாள் உரிமையாளருக்கு அரசு வழங்கலாம் என்றது அது. வேறு எந்தப் பொதுப் பயன்பாட்டுக்கும் அந்த நிலம் தேவையில்லை என்று அரசே கருதினால் மட்டுமே அது பொருந்தியது.