உங்களுக்குத் தெரியுமா? ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால்...

ஃபைபர் படகில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தால், அடைப்பதற்கு முன் அதைப் பெரிதாக்க வேண்டும்! நைந்துபோன இழைகளை வெட்டியெடுத்து, விளிம்பைச் சுற்றிலும் கிரைண்டரால் சரிவாகத் தேய்ப்பார்கள். படகுச் சுவரின் கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருந்தால் நல்லது. 5 மி.மீ. கனமென்றால் சுற்றிலும் 60 மி.மீ. புது இழை பழைய இழையைப் பிடித்துக்கொள்வது அந்தச் சரிவில்தான்.

வெறும் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலும் ஓட்டை மறைந்துவிடும். ஆனால் அலையில் படகின் உடல் வளைந்து நிமிரும். இழை இல்லாத பட்டி அதோடு வளையாமல் ஒருநாள் கழன்றுவிடும். அதுவும் நடுக்கடலில் கழன்றால்? எம்-சீல் போன்ற அடைப்புப் பசைகள் கரை வந்து சேரும்வரை மட்டுமே கைகொடுக்கும்.

1942-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழைப் படகு கட்டினார். இந்த வகையில் முன்னோடி அவர். தமிழகக் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்திறங்கின. கட்டுமரத்தில் ஓட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. கட்டுமரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியவர்கள் பழுது பார்க்கும் வேலையையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அந்த வேலையில், உப்புத்தாள் போடுவதற்கு முன்பே அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். வரிசை மாறினால், மேலே படிந்திருக்கும் எண்ணெயும் மெழுகும் தேய்க்கும்போது உள்ளே இறங்கிவிடும். பிறகு இழையைப் பிடிக்க ஊற்றும் எந்த ரெசினும் ஒட்டாது. ஈரம் காயாத ஓட்டையிலும் இதே கதிதான்.

வெள்ளைவெளேரென்று இருக்கும் கண்ணாடி இழை மேட், ரெசினைக் குடித்ததும் நிறம் மாறிக் கண்ணாடியாகத் தெளியும். தெளியாமல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். வரிப் பள்ளம் உள்ள ரோலரை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டினால் குமிழ்கள் விளிம்புக்கு ஓடிவந்து வெடிக்கும். எவ்வளவு அவசரமானாலும் இந்த வேலையை மட்டும் சுருக்கக் கூடாது.

100 கிராம் பாலியெஸ்டர் ரெசினுக்கு அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம் போதும். கூட ஊற்றினால் பலம் கூடாது. சூடேறிப் புகையும், இறுகியபின் நொறுங்கும். கலந்த ரெசினை ஆழமான டப்பாவில் வைத்தால் இன்னும் வேகமாகச் சூடேறும். அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எபாக்சி ரெசின் பழைய ஃபைபரில் பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும். ஆனால் சாதாரண மேட் அதற்கு ஒத்துவராது. மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியே சரி.

மிதப்பதற்காக வைத்த தெர்மகோலின்மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மகோல் கரைந்தே போகும்! அதன் பக்கத்தில் ஓட்டை என்றால் முதலில் தெர்மகோலை மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேலே பூசும் ஜெல்கோட், மெழுகு சேர்க்காவிட்டால் காற்று படும் பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நிற்கும். பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றைத் தடுத்தால் இறுகிவிடும்.

ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக்குவளை வேண்டவே வேண்டாம்.

தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது விடாமல் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.