மைக் வேலை செய்யாத பிற்பகல்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கரையோர நகரமான கமாய்ஷியில் ஆடத் தொடங்கிய பூமி நிமிடக்கணக்கில் நிற்கவில்லை. உனோசுமாய் என்ற பகுதியிலிருந்த கமாய்ஷி கிழக்குப் பள்ளியில் அப்போது இருநூற்றுச் சொச்சம் மாணவர்கள். நம் கணக்கில் ஏழாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். பாடம் முடிந்து ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்த நேரம். ஆட்டம் அடங்கியதும் மைக்கில் அறிவிக்கப் போனார்கள், கரண்ட் இல்லை. மைதானத்தில் நின்ற பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. ஆசிரியர்கள் "ஓடுங்கள்" என்று கத்த, வரிசை பார்க்காமல், பேர் கூப்பிட்டு எண்ணாமல், மேட்டைப் பார்த்து ஓடினார்கள்.

பக்கத்திலேயே உனோசுமாய் தொடக்கப் பள்ளி. அங்கே சின்னப் பிள்ளைகளை மூன்று தளக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. கட்டடம் பலமானது, நகராட்சியின் சுனாமி அபாய வரைபடத்தில் இரண்டு பள்ளிகளுமே கோட்டுக்கு வெளியேதான் இருந்தன. ஆனால் பெரிய பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் ஏறியவர்கள் இறங்கினார்கள். இரண்டு பள்ளிகளும் சேர்ந்து ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருந்தன. யார் பின்னால் போக வேண்டும் என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. அலை வடிந்த பிறகு எடுத்த படங்களில், அந்த மேல்தளத்தில் ஒரு கார் செருகிக்கொண்டு நிற்கிறது.

முதலில் போய்ச் சேர்ந்தது ஒத்திகையில் குறித்து வைத்திருந்த முதியோர் இல்லம். அங்கே நின்றிருக்கலாம். பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு, இந்த இடம் சரியில்லை, இன்னும் மேலே போவோம் என்றார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் சேர்ந்துகொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளின் தள்ளுவண்டிகளையும் இவர்களே தள்ளினார்கள். இரண்டாவது இடத்தை அடைந்தபோது ஊருக்குள் கடல் நுழைவது தெரிந்தது. அங்கிருந்தும் ஏறினார்கள். முதலில் நின்ற முதியோர் இல்லத்தை அலை மூடிவிட்டது. இரண்டு பள்ளிகளிலிருந்தும் ஓடிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பறிகொடுத்த நகரம் அது.

பத்திரிகைகள் இதை அதிசயம் என்று எழுதின. அதிசயத்தைத் திரும்பச் செய்ய முடியாது. ஆனால் இங்கே நடந்ததற்கு ஏழெட்டு வருடப் பாடத்திட்டம் இருந்தது.

அந்தக் கரைக்குச் சுனாமி புதிதில்லை. 1896இல் வந்த அலை சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது, 1933இல் மறுபடி. அவரவர் தனித்தனியாக மேட்டுக்கு ஓடு, யாரையும் தேடி நிற்காதே என்ற பழக்கத்தை அங்கே 'தென்தென்கோ' என்பார்கள். குடும்பம் குடும்பமாக அழிந்தவர்களின் ஊரில்தான் இப்படியொரு ஈரமற்ற விதி பிறக்கும். ஆனால் தலைமுறைகள் மாறின. துறைமுக வாயிலில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்புச் சுவர் 2009இல் கட்டி முடிந்தது, கின்னஸ் சாதனை. அப்படியொரு சுவர் இருக்கிற ஊரில் எச்சரிக்கை மணிக்கு யார் எழுந்து ஓடுவார்?

குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஷிதாகா கதாதா அந்த நகரத்தில் முதலில் பெரியவர்களுக்குத்தான் கூட்டம் போட்டார். வந்தவர்களே வந்தார்கள். ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களுக்கு மேலும் அக்கறை ஊட்டி என்ன பயன் என்று பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பினார். இன்றைய பிள்ளை பத்து வருடத்தில் பெரியவன், இன்னொரு பத்து வருடத்தில் தகப்பன் என்பது அவர் கணக்கு. நகர ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தார். அலையின் வேகம் கணக்குப் பாடத்துக்குள்ளேயே வந்தது. அவர் சொன்ன விதிகள் மூன்று: முன்கூட்டிப் போட்டுவைத்த கணிப்பை நம்பாதே, அந்த நேரத்தில் முடிந்ததில் உச்சத்தைச் செய், முதலில் ஓடுகிறவன் நீயாக இரு. அபாய வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, அதை நம்ப வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். வரைபடம் போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது விதிதான் கடினம். கூட்டத்தில் முதல் ஆளாக ஓடுகிறவன் கோழை மாதிரித் தெரிவான். அலை வரவில்லை என்றால் மறுநாள் கேலி. பதினாலு வயதில் கேலியைவிடப் பெரிய ஆபத்து எது? அதனால், நீ ஓடினால்தான் அடுத்தவனுக்குக் கால் எழும் என்று சொல்லி, ஓடுவதையே பிறரைக் காப்பாற்றும் காரியமாக மாற்றினார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கியது அப்படித்தான்.

பெற்றோர் பக்கமும் ஒரு முடிச்சு இருந்தது. பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கு ஓடி வருகிற தாய்தான் அலையில் சிக்குவாள். "நான் எப்படியும் ஓடிவிடுவேன், என்னைத் தேடி வராமல் நீயும் ஓடு" என்று வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்பது மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. அம்மா நம்புகிற அளவுக்குச் சொல்ல வேண்டும். தேர்வுத் தாளில் இப்படியொரு வினா வந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

கிழக்குப் பள்ளி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. காப்பாற்றப்படுகிறவர்களாக இருந்தது போதும், காப்பாற்றுகிறவர்களாக மாறுவோம் என்பது அந்தப் பள்ளியின் முழக்கம். முதலுதவியும் தூக்குப்படுக்கையில் ஆளைத் தூக்குவதும் பழகினார்கள். 'நாங்கள் வெளியேறிவிட்டோம்' என்று தெரிவிக்கும் அட்டைகளைத் தயாரித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். வாசலில் அதைத் தொங்கவிட்டால், தேடி வருகிறவர் உள்ளே போய் நேரத்தை இழக்க மாட்டார். இது விஞ்ஞானமில்லை, பேரிடர் மேலாண்மை நிபுணத்துவமும் இல்லை. ஆனால் தெருவை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும், வயது எதுவானாலும்.

இதே உனோசுமாயில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் ஓடிய அதே பிற்பகலில் ஊர்க்காரர்கள் பலர் பக்கத்திலிருந்த பேரிடர் தடுப்பு மையத்துக்கு ஓடினார்கள். சுனாமிக்கான புகலிடமாக அது குறிக்கப்படவே இல்லை. மலைவரை நடக்கச் சொன்னால் முதியவர்கள் ஒத்திகைக்கு வருவதில்லை என்று, வசதிக்காக அங்கேயே ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்கள். கால்கள் பழகிய இடத்துக்குப் போயின. அந்தக் கட்டடத்தில் மட்டும் 160 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒத்திகையே நடத்தாத ஊரைவிட, தவறான இடத்தில் ஒத்திகை நடத்திய ஊர் அதிக ஆபத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள் என்பதும் முழுக்கச் சரியில்லை. நகரத்தில் படித்த கிட்டத்தட்ட 3,000 மாணவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். எல்லாரும் அந்த நேரத்தில் பள்ளியின் கையில் இல்லாதவர்கள். தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் இருந்த பணியாளர் ஒருவர் மேட்டுக்கு வந்து சேரவே இல்லை. அன்று ஓடிய மாணவர்களில் சிலர் வளர்ந்த பிறகு அதிசயம் என்ற பட்டத்தை வேண்டாம் என்றார்கள். ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் சொன்னதைக் கேட்டுத்தான் ஓடினோம், எங்களை வீரர்களாக்காதீர்கள் என்றார்கள்.

தெற்கே இஷினோமாகி நகரத்தின் ஓகாவா தொடக்கப் பள்ளியில் நடந்தது நேர் எதிர். கடலிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். இந்தப் பள்ளியும் வரைபடக் கோட்டுக்கு வெளியே. ஆற்றங்கரையில் பள்ளி, பின்னால் குன்று. குழந்தைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது நிமிடம் போல அங்கேயே கழிந்தது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். பள்ளியின் கையேட்டில் அடுத்த புகலிடமாக எழுதியிருந்தது 'அருகிலுள்ள காலி இடம் அல்லது பூங்கா'. அது எந்தப் பூங்கா என்று யாரும் எழுதவில்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம் அந்த ஐம்பது நிமிடத்தோடு நிற்காமல், அதற்கு முந்தைய வருடங்களைக் கேள்வி கேட்டது: கையேட்டைத் திருத்தாத பள்ளியும் கல்வி வாரியமும் பொறுப்பு என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது.

நம் ஊருக்கு வருவோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிக் கூரைகள் மாறின. அந்த விபத்தை முன்வைத்துத் தொடுத்த பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயணைப்பான் வாங்கினோம். சுவரில் மாட்டினோம்.

ஒத்திகை நடக்காமல் இல்லை. தீயணைப்பு நிலையத்தார் வண்டியோடு வருவார்கள். தகர டிரம்மில் தீ மூட்டி ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டுவார்கள், கயிற்றில் இறங்கிக் காட்டுவார்கள். அருமையாகச் செய்வார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்; மறுநாள் பேப்பரில் படம் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்று கிடைத்த வேலை உட்கார்ந்திருப்பது மட்டும். சுற்றுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் நம் கிராமங்களில் ஏராளம். இரண்டு தலைமை ஆசிரியர்கள், இரண்டு மணிகள். ஒன்பதாவது படிக்கிற அக்கா ஒன்றாவது படிக்கிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறையாவது வெளியே நடந்து பார்த்திருக்கிறாளா? அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு பீரியட் போதும்.

இன்னொரு யோசனையும் உண்டு. ஒத்திகை நாளில் மணியும் அடிக்க வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஒரு படிக்கட்டில் நாற்காலியைப் போட்டு, "இங்கே தீ" என்று எழுதி வைத்துவிடுங்கள். பி.டி. சார் அன்று லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடிக்கட்டும். தப்புத் தப்பாகப் போகும், இரைச்சலாக இருக்கும், படம் நன்றாக வராது. மாலையில் அவர்களையே கூப்பிட்டு எங்கே முட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால், நிபுணர் குழுவுக்கு எட்டாத விவரங்கள் வரும்: மாடி கிரில் பூட்டு துருப்பிடித்தது, ஆய்வகக் கதவு உள்பக்கமாகத் திறப்பது, காலில் குறையுள்ள தோழியை இறக்க இரண்டு பேர் வேண்டும் என்பது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை அவர்களே வாசிக்கட்டும். பின்பக்கக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவு போட்டால் யாரிடம் இருக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம்.