பொங்கும் சேறும் தேயும் பொறியும்

அந்தமானிலுள்ள பாராடாங் தீவின் காட்டிடையே சாம்பல் நிறச் சேறு ஓயாமல் குமிழியிடும் குன்றுகள் உள்ளன. சேற்று எரிமலை என்று பெயர் பெற்றாலும் அங்கே நெருப்புக் குழம்பு இல்லை. நிலத்தின் ஆழத்தில் அடைபட்ட மீத்தேன் வளிமம் பாறைப் பிளவுகளில் வழி கண்டு, நீரையும் களியையும் தள்ளிக்கொண்டு மேலேறுகிறது. அடைத்து வைத்த அழுத்தம், அடைப்பு தளர்ந்த இடத்தில் கசியும் என்பதே அக்குன்றுகள் கற்பிக்கும் பாடம்.

நெடுந்தொலைவு ஓடித் தளர்ந்த மகிழுந்தின் பொறியும் இப்பாடத்தையே சொல்கிறது. அது ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளிவரும். பட்டறையில் இதனைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் எரியும் வளிமம், பிஸ்டன் எனப்படும் உந்துதண்டைத் தள்ள வேண்டியது; அதைச் சூழ்ந்த தேய்ந்த வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறது.

இத்தேய்மானம் உருளை முழுதும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. உந்துதண்டு மேலேறித் திரும்பும் இடத்தில் அதன் விரைவு ஒரு நொடிப்பொழுது சுழியமாகிறது. விரைவு இருக்கும் வரை வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே நின்ற எண்ணெய்ப்படலம் அங்கே மெலிகிறது. வெப்பமும் அழுத்தமும் உச்சம் தொடுவதும் அவ்விடத்தின் அருகில்தான். ஆகவே உருளையின் மேற்புறத்தில் வளையம் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. ஓடிய தொலைவைக் காட்டும் எண் இதை அறியாது. ஒரே தொலைவு ஓடிய இரு வண்டிகளில், காலம் தவறாமல் எண்ணெய் மாற்றியது நலமாகவும் மற்றது நலிந்தும் இருக்கலாம்.

எனவே, பழுது நீக்குவதா, பொறியையே மாற்றுவதா என்ற வினாவுக்கு அளவியே விடை கூற வேண்டும். ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து, வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஐயுறல் வேண்டும். பெட்ரோல் பொறியாயின், அழுத்தம் குறைந்த உருளையில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் குறை வளையத்தில். உயராவிட்டால் வால்விலோ, உருளைத்தலையை இணைக்கும் கேஸ்கெட்டிலோ இருக்கக்கூடும். பிறகு உருளைக்குள் காற்றைச் செலுத்திச் செவிகொடுக்க வேண்டும். புகைக்குழாயில் சீறினால் வால்வு. எண்ணெய் மூடியில் சீறினால் வளையம். ரேடியேட்டர் நீரில் குமிழியெழுந்தால் கேஸ்கெட்.

பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகள் இரண்டாம் பாடத்தைத் தருகின்றன. கரியமில வளி கரைந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துச் செல்கிறது. குகைக்குள் அவ்வளி பிரிந்ததும் கரைந்த கல் மீண்டும் படிந்து விழுதாகத் தொங்குகிறது. சுண்ணாம்பு மிகுந்த கடினநீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வெப்பத்தால் இதே வேதியியல் அங்கே விரைந்து நிகழும். படிந்த கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பொறி கொதிக்கும்; உருளைத்தலை வளையும்; கேஸ்கெட் கருகும். இங்கே உள்ளுறுப்புகள் தேயாமலும் இருக்கலாம். தலையைச் சமன்செய்து, கேஸ்கெட்டை மாற்றி, நீர்வழியைத் தூய்மை செய்தால் போதும் எனில், பொறியையே கழித்துக்கட்டுவது வீண்செலவு.

தேய்ந்தது மேற்பரப்பா, உடைந்தது உடலா என்பதே பிரிகோடு. உருளையை லேத் பட்டறையில் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அகலக் கடைந்து, அதற்கேற்ற பெரிய உந்துதண்டுகளைப் பொருத்தலாம். கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்கி, அதற்குரிய தடித்த தாங்கிகளை இடலாம். ஆனால் பொறியின் உடற்கட்டு பிளந்திருந்தாலோ, கடைசி அளவு வரை ஏற்கெனவே கடைந்திருந்தாலோ, மாற்றுவதே தகும். அப்போதும் பழைய பொறி ஒன்றை வாங்குவோர், மேற்கூறிய அளவீடுகளை அதற்கும் செய்தல் வேண்டும். புதிய பொறி எண்ணை வண்டியின் பதிவுச்சான்றில் ஏற்றவும் வேண்டும். பழைய பொறியைப் பிரித்துச் செப்பனிட்டு மீளவாக்கினால், புதிது ஆக்குவதைவிட 68 முதல் 83 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகும் என மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2004இல் கணித்தது.

தீவில் இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கிடக்கிறது. வளையமும் தாங்கியும் கேஸ்கெட்டும் ஒரு சிறு பெட்டியில் வந்துவிடும்; முழுப் பொறிக்கோ கப்பலும் சுமையுந்தும் வேண்டும். ஆதலால் குறையை முளையிலேயே அறிவோர்க்குச் செப்பனிடும் வழி திறந்திருக்கும். கொதித்து உடையும் வரை ஓட்டுவோர்க்கு அவ்வழி அடைபடும்.

குறையை அறிந்துகொள்ள வேண்டிய இடமும் ஊர்தான்; காட்டுவழியன்று. பாராடாங்கிலிருந்து தெற்கே செல்வோர் நீரிணையைக் கடந்து, ஜிர்காடாங் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டினூடே உள்ள சாலையில் அணிவகுத்தே செல்ல வேண்டும். அங்கே வண்டியை நிறுத்துதல் கூடாது. அச்சாலையை அம்மக்கள் கேட்டுப் பெறவில்லை. அவர்தம் காட்டில் நம் பொறி நின்றால், வழியில் நிற்பது நம் வண்டி மட்டுமன்று, நம் கவனக்குறைவும்தான். அழுத்தமானியின் முள் தாழ்ந்ததைக் கண்டவர், பொறியைச் செப்பனிட்டோ மாற்றியோ முடித்த பின்னரே அணியில் சேரட்டும்.